வீட்டுக்கு ஒரு ஓட்டு

ஏப்ரல் பிறந்ததும் டென்டன் டாப் ரோட்டிலும் சாண்டி லேக் ரோட்டிலும் சின்னச் சின்னப் பலகைகள் முளைத்துவிடும். வீட்டு வாசல் புல்தரையில், சிக்னல் ஓரத்தில், கடைகளுக்கு முன்னால் எங்கு பார்த்தாலும் பெயர்கள். பெயருக்குக் கீழே 'சிட்டி கவுன்சில்' என்றும் ஒரு 'பிளேஸ்' எண்ணும் இருக்கும். கட்சியின் பெயர் இருக்காது. யானையும் இருக்காது, கழுதையும் இருக்காது. ஞாயிறு ஆராதனைக்குப் போகும் வழியில் காரிலிருந்து பார்த்தபடியே கடந்துபோகிறோம். மே நடுப்பகுதிக்குள் பலகைகள் மறைந்துவிடும். யார் நின்றார்கள், யார் ஜெயித்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாமலே போகிறது.

அதிபர் தேர்தல் என்றால் கதை வேறு. ஆராதனை முடிந்து கையில் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போதே மாமாக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல் என்றாலும் அப்படித்தான். ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் எந்தத் தொகுதியில் யார் முன்னிலை என்பது நமக்கு விரல் நுனியில் இருக்கும். நம் தெருவுக்குத் தண்ணீர் விடுவது யார் பொறுப்பு என்று கேட்டால் மட்டும் அமைதியாகிவிடுவோம்.

வாலிபர் ஐக்கியத்தில் ஒரு தம்பி என்னிடம் நேராகவே கேட்டான்: "அக்கா, இந்த மே எலெக்‌ஷனுக்கு ஓட்டுப் போட்டா என்ன ஆகப்போகுது?" நல்ல கேள்வி. அவனுக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த எட்டுப் பேர் செய்யும் வேலை

2020 கணக்கெடுப்பின்படி காப்பெலின் மக்கள்தொகை 42,983. இந்த ஊரை நடத்த மேயர் ஒருவர், கவுன்சிலர்கள் ஏழு பேர். பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். எல்லா இடங்களுக்கும் ஒரே ஆண்டில் தேர்தல் வராமல், சில இடங்களுக்கு ஓர் ஆண்டு, மற்றவற்றுக்கு அடுத்தடுத்த ஆண்டு என்று மாறி மாறி வரும். மே மாதத்தின் முதல் சனிக்கிழமை தேர்தல் நாள். காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை ஓட்டுப் போடலாம்.

நம் ஊரில் வார்டு கவுன்சிலர் என்று பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசம்: இங்கே வார்டு கிடையாது. 'பிளேஸ் 1', 'பிளேஸ் 2' என்பவை நாற்காலியின் எண்கள்தான். தெருக்களின் எல்லைகள் அல்ல. போட்டி உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் ஊரில் உள்ள எல்லா வாக்காளர்களும் ஓட்டுப் போடலாம். ஜெயிக்கப் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். மூன்று பேர் நின்று யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இரண்டு பேருக்கும் மறுபடி ஒரு தேர்தல். அதைத்தான் 'ரன்-ஆஃப்' என்கிறார்கள். கோடை விடுமுறைக்குப் பெட்டி கட்டும் நேரத்தில் அது வருவதால், முதல் சுற்றுக்கு வந்தவர்களில் பலர்கூட இரண்டாம் சுற்றுக்கு வருவதில்லை.

இவர்கள் என்ன செய்கிறார்கள்? தண்ணீர், கழிவுநீர், தெரு, நடைபாதை, பூங்கா, காஸ்பி நூலகம், போலீஸ், தீயணைப்பு எல்லாம் இவர்கள் கையில். நகர மேலாளரை வேலைக்கு வைப்பதும், வீட்டுவரியில் நகரத்தின் பங்கு எவ்வளவு என்று தீர்மானிப்பதும், காலி மனையில் வீடு வருமா, கடை வருமா, கிடங்கு வருமா என்று முடிவு செய்வதும் இவர்களே.

ஓர் உதாரணம். கடையில் ஒரு டாலருக்குப் பொருள் வாங்கினால் எட்டேகால் சென்ட் விற்பனை வரி கட்டுகிறோம். அதில் ஆறேகால் மாநிலத்துக்கு, மீதி இரண்டு உள்ளூருக்கு. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் நம் ஊரில் பெரிய கிடங்குகள் உண்டு. இணையத்தில் வாங்கும் பொருளுக்கு அந்த இரண்டு சென்ட், பொருள் கிளம்பும் ஊருக்கா, போய்ச் சேரும் ஊருக்கா? 2020-ல் மாநிலக் கணக்குத் தலைமை அலுவலகம் விதியை மாற்றியது. அதனால் தங்களுக்கு வருமானம் குறையும் என்று காப்பெலும் வேறு சில நகரங்களும் 2021-ல் வழக்குத் தொடுத்தன. வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது நகரசபைக் கூட்டத்தில் எழும் கேள்வி. நூலகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பது வரை அந்தப் பணத்தைப் பொறுத்தது.

பள்ளிகள் இவர்களின் கீழ் வருவதில்லை. காப்பெல் பள்ளி மாவட்டத்துக்குத் தனியாக ஏழு அறங்காவலர்கள் உண்டு. டெக்ஸாஸ் சட்டப்படி அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் மே மாதத்தில்தான். பிங்கர்டன் தொடக்கப்பள்ளி உங்களுக்கு நினைவிருக்கும். பட்ஜெட் நெருக்கடியைக் காட்டி அதை மூடுவதென்று 2024-ன் இறுதியில் அறங்காவலர்கள் முடிவெடுத்தார்கள். 2024-25 கல்வியாண்டோடு அங்கே வகுப்புகள் முடிந்தன. அந்த முடிவு சரியா தவறா என்று நான் இங்கே சொல்ல வரவில்லை. வாஷிங்டனில் யார் அதிபராக இருந்தாலும் அந்தப் பள்ளியின் கதவை மூடியது உள்ளூரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஓட்டுதான். அங்கே படித்த பிள்ளைகளின் பெற்றோர் பலர் அப்போதுதான் அவர்களின் பெயர்களையே கேள்விப்பட்டார்கள்.

ஒரு நர்ஸ் பார்க்கும் விதம்

நான் மருத்துவமனையில் வேலை செய்கிறவள். எனக்கு நகரசபை என்றாலே முதலில் நினைவுக்கு வருவது ஆம்புலன்ஸ். காப்பெலில் 911-ஐ அழைத்தால் வருவது நகரத் தீயணைப்புத் துறையின் ஆம்புலன்ஸ். மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டு ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நாலரை மணியில் வீட்டில் தயங்கிய நேரம், வண்டி வந்த நேரம், ஸ்கேன் எடுத்த நேரம் எல்லாம் அடங்கும். எத்தனை நிலையங்கள், எத்தனை பாராமெடிக்குகள், எத்தனை வண்டிகள் என்பதை நகர பட்ஜெட் முடிவு செய்கிறது. அந்த பட்ஜெட்டுக்குக் கை தூக்குகிறவர்கள் கவுன்சிலர்கள்.

அடுத்தது நடைபாதை. தமிழ்நாட்டிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அப்பா அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர்களுக்கு ஊர் என்பது கால் நடக்கும் தூரம்தான். நடைபாதை பாதியில் நின்றுபோனால் அவர்கள் உலகமும் அங்கேயே நின்றுவிடும். தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வருகிற முதியவர்களைப் பார்த்தவளுக்கு, சமமாகப் போடாத ஒரு சிமெண்ட் பாளம்கூட அரசியல் விஷயமாகவே தெரியும். பெத்தேல் ரோட்டில் இருக்கும் முதியோர் மையமும் அப்படியே. தனிமையில் வாடும் ஒரு பாட்டிக்கு அது மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து.

ஒரே வகுப்பில் படித்த இரண்டு நர்ஸுகள்

என்னோடு நர்ஸிங் படித்தவர்களில் சிலர் இங்கிலாந்துக்குப் போனார்கள், சிலர் இங்கே வந்தோம். ஓட்டு விஷயத்தில் இரண்டு நாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்.

இங்கிலாந்துக்கு வேலை விசாவில் போகும் இந்திய நர்ஸ், குடியேறிய ஆண்டிலேயே தன் பகுதியின் நகரசபைத் தேர்தலில் ஓட்டுப் போடலாம். இந்திய பாஸ்போர்ட்டே போதும். இந்தியாவும் இலங்கையும் காமன்வெல்த் நாடுகள். முறையான அனுமதியோடு அங்கே வசிக்கும் காமன்வெல்த் குடிமக்கள் எல்லாருக்கும் உள்ளூராட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் ஓட்டு உண்டு. படிக்கப் போன மாணவர்களுக்கும் உண்டு. பழைய சாம்ராஜ்யம் விட்டுப்போன சட்டம் அது.

அதே வகுப்பில் படித்து டெக்ஸாஸுக்கு வந்தவளின் நிலை வேறு. கிரீன் கார்டு கிடைத்த பிறகும் பொதுவாக ஐந்து ஆண்டுகள் காத்திருந்துதான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். எச்-1பி விசாவில் வந்த இந்தியக் குடும்பங்களுக்குக் கிரீன் கார்டு வரிசையே எத்தனையோ ஆண்டுகள் நீளுகிறது. அதுவரை வீட்டுவரி கட்டலாம், விற்பனை வரி கட்டலாம், பள்ளியில் தன்னார்வலராக நிற்கலாம். ஓட்டு மட்டும் கிடையாது.

இதன் விளைவை லண்டனில் பார்க்கலாம். லண்டனில் 32 பரோக்கள் உண்டு. பரோ என்பது தனி நகரசபை உள்ள ஒரு பகுதி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மே மாதத்து வியாழக்கிழமையில் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தேர்தல். 2022-ல் அது மே 5. இலங்கைத் தமிழர் நிறைய வாழும் ஹாரோவில் 22 வார்டுகள், 55 கவுன்சிலர்கள். நம் ஊரைப் போலில்லாமல் அங்கே கட்சிகள் நேரடியாக மோதும். குப்பை வண்டியிலிருந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவருக்கு வீட்டுப் பராமரிப்பு ஏற்பாடு செய்வது வரை நகரசபையின் பொறுப்பு. போரிலிருந்து தப்பி வந்த தலைமுறை, ஆங்கிலம் தடுமாறிய நாட்களிலேயே அங்கே வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டது. ஓட்டுக் கேட்க வந்தவர்களிடம் தங்கள் குறைகளைச் சொல்லிப் பழகியது. 2012-ல் தயா இடைக்காடர் என்ற ஈழத் தமிழர் ஹாரோ நகரசபையின் தலைவரானார். ஹாரோவில் வளர்ந்த உமா குமரன் 2024 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அமெரிக்காவில் நமக்கு முன்னால் வந்தவர்கள் இன்னும் கடினமான பாதையில் நடந்தார்கள். 1923-ல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே பெற்றிருந்த சிலரின் குடியுரிமையும் பறிபோனது. 1946-ல் வந்த சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. கலிஃபோர்னியாவில் விவசாயம் செய்துகொண்டிருந்த தலிப் சிங் சவுந்த் 1949-ல் குடிமகனானார். மறு ஆண்டே வெஸ்ட்மோர்லாண்ட் என்ற சிற்றூரில் உள்ளூர் நீதிபதி தேர்தலில் ஜெயித்தார். குடிமகனாகி ஓராண்டு நிறையவில்லை என்று பதவியை மறுத்துவிட்டார்கள். 1952-ல் மறுபடி நின்று ஜெயித்தார். 1956-ல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே நுழைந்த முதல் ஆசியர் அவரே. தொடங்கிய இடம் ஒரு சிற்றூரின் தேர்தல்.

சென்னைக்கு வந்த ஆங்கிலேய நகரசபை

நகரசபை நமக்குப் புதிதல்ல. 1687 இறுதியில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் அளித்த சாசனத்தின்படி, 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸில் ஒரு மாநகராட்சி தொடங்கியது. ஆங்கிலேய ஊர்களின் அச்சிலேயே மேயர், ஆல்டர்மேன் என்று பதவிகள் வைத்தார்கள். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். இந்தியாவிலேயே பழமையான மாநகராட்சி அதுதான். ஆனால் நம் பாட்டன் முப்பாட்டன் யாரையும் ஓட்டுக்காக அன்று எவரும் கேட்கவில்லை.

அதே மாநகராட்சிக்கு 1956-ல் தாரா செரியன் முதல் பெண் மேயரானார். 2022 பிப்ரவரி 19 அன்று நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் வென்ற ஆர். பிரியா, மார்ச் 4 அன்று மேயராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 28. அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் பெண். பெண்களுக்கென இடங்கள் ஒதுக்கிய சட்டமும், வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட சாதாரண மக்களும் இல்லாமல் அது நடந்திருக்காது. உங்களில் பலருக்கும் அவருக்கும் வயதில் பத்து ஆண்டுதான் வித்தியாசம்.

ஓர் ஓட்டின் எடை

"என் ஒரு ஓட்டினால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு உண்மைச் சம்பவங்கள்.

2017-ல் வர்ஜீனியா மாநிலச் சட்டசபைத் தேர்தலில் 94-ஆவது தொகுதியில் இரு வேட்பாளர்களுக்கும் தலா 11,608 ஓட்டுகள். 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயர்களையும் ஒரு கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். டேவிட் யான்சி பெயர் வந்தது. அந்த ஒரு சீட்டினால் சட்டசபையின் பெரும்பான்மையே அவருடைய கட்சியிடம் தங்கியது. அதே 2017-ல் இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் ஒரு கவுன்சிலர் இடத்துக்கு இரண்டு பேர் சமமாக வந்தார்கள். அங்கே குச்சி இழுத்து முடிவு செய்தார்கள்.

அப்போஸ்தலர் நடபடிகளில் மத்தியாவைச் சீட்டுப்போட்டுத் தெரிந்துகொண்ட பகுதி உங்களுக்குத் தெரியும். அவர்கள் ஜெபித்துவிட்டுச் சீட்டுப்போட்டார்கள். இங்கேயோ ஒருவர் சோம்பலால் வீட்டில் இருந்துவிட்டதால் சீட்டுப்போட நேர்ந்தது.

எல்லாத் தேர்தலும் இப்படிச் சமமாக முடியாது. ஆனால் கணக்கு எளிது. நவம்பரில் டெக்ஸாஸ் முழுக்க ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் அதிபர் தேர்தலுக்கு ஓட்டுப் போடுகிறார்கள்; அதில் உங்கள் ஓட்டு ஒரு துளி. மே மாதத்தில் நம் ஊரில் வருகிறவர்கள் அதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதிலும் பெரும்பாலோர் நரை விழுந்தவர்கள். கூட்டம் குறையக் குறைய ஒவ்வோர் ஓட்டுக்கும் எடை கூடுகிறது.

உங்கள் வீட்டில் யாருக்கு ஓட்டு?

நம் வாலிபர் ஐக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் ஒரு பக்கம். சிறு வயதில் எச்-4 விசாவில் வந்து இன்னும் காத்திருப்பவர்கள் ஒரு பக்கம். பெற்றோரோடு குடியுரிமை பெற்றவர்கள் இன்னொரு பக்கம். பல வீடுகளில் அப்பாவுக்கு ஓட்டு இல்லை, அம்மாவுக்கு இல்லை, தாத்தா பாட்டிக்கும் இல்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு மட்டும் உண்டு. ஐந்து பேர் வரி கட்டி வாழும் வீட்டுக்கு ஒரே ஓட்டு; அது பதினெட்டு வயதுப் பிள்ளையின் கையில். அதைப் போடாமல் விட்டால் அந்த வீட்டுக்கே குரல் இல்லை. அந்தத் தம்பிக்கு என் முதல் பதில் இதுதான்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். குடியுரிமை இல்லாதவர்கள் வாக்காளராகப் பதிவு செய்யவே கூடாது. கிரீன் கார்டு இருந்தாலும் கூடாது. டிரைவர் லைசென்ஸ் எடுக்கும்போது 'வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா?', 'நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?' என்று கேட்பார்கள். அவசரத்தில் 'ஆம்' என்று குறித்துவிட்டால், பிற்காலத்தில் கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாவற்றுக்கும் அது தடையாகலாம். நாடு கடத்தும் அளவுக்கும் போகலாம். தவறுதலாக வாக்காளர் அட்டை தபாலில் வந்துவிட்டால் ஓட்டுப் போடாதீர்கள். குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். வீட்டில் எச்-4-ல் இருக்கும் அண்ணன், அக்காவுக்கு இதை இன்றே சொல்லுங்கள்.

இன்னொரு குழப்பம் முகவரி. 'காப்பெல்' என்று சொல்கிறோம். ஆனால் வேலி ராஞ்சில் இருப்பவர்களின் நகரம் இர்விங். சைப்ரஸ் வாட்டர்ஸில் இருப்பவர்களின் நகரம் டாலஸ். வீடு காப்பெல் பள்ளி மாவட்டத்தின் எல்லைக்குள் இருந்தால் பள்ளித் தேர்தலில் ஓட்டு உண்டு. காப்பெல் நகரசபைக்கு இல்லை. எந்த நகரம், எந்தப் பள்ளி மாவட்டம் என்பது உங்கள் வாக்காளர் அட்டையிலேயே குறித்திருக்கும்.

தயாராவது எப்படி?

பதினேழு வயதும் பத்து மாதமும் ஆனதும் பதிவு செய்யலாம்; ஓட்டுப் போடும் நாளில் பதினெட்டு நிறைந்திருக்க வேண்டும். டெக்ஸாஸில் புதிதாகப் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் காகிதப் படிவத்தில் கையெழுத்திட்டுத்தான் அனுப்ப வேண்டும். பதினெட்டை நெருங்கும் மாணவர்களுக்கு உயர்நிலைப் பள்ளியே ஆண்டுக்கு இருமுறை படிவம் கொடுக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். தேர்தலுக்கு 30 நாட்களுக்கு முன் பதிவு முடிந்துவிடும். ஆகவே மார்ச் முடிவதற்குள் படிவம் போய்ச் சேரட்டும்.

ஓட்டுப் போட லைசென்ஸ், பாஸ்போர்ட் போன்ற புகைப்பட அடையாளம் வேண்டும். 70 வயதைத் தாண்டிய தாத்தா பாட்டியின் அடையாள அட்டை காலாவதியாகி எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் செல்லும். சனிக்கிழமை வேலை இருப்பவர்களுக்குத் தேர்தலுக்கு முன்பே பல நாட்கள் முன்கூட்டி ஓட்டுப் போடும் வசதி உண்டு. நைட் டியூட்டி முடித்துவிட்டுப் போய்ப் போடும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. 65 வயது ஆனவர்கள் தபாலில் போடலாம். கடைசி நேரத்தில் திடீரென்று மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கும், மருத்துவரின் சான்றோடு இன்னொருவர் மூலம் வாக்குச்சீட்டு பெறச் சட்டத்தில் வழி இருக்கிறது.

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பாட்டி குடிமகள் என்றால், தான் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம், பேரனும் போகலாம். முதலாளியும் தொழிற்சங்கத்தின் ஆளும் மட்டும் கூடாது. நர்ஸாக ஒன்று சொல்கிறேன். நோயாளிக்காக மொழிபெயர்க்கும்போது அவர் சொன்னதைச் சொல்ல வேண்டும். நமக்குச் சரியென்று பட்டதைச் சொல்லக் கூடாது. பாட்டியின் ஓட்டும் பாட்டியுடையதே.

நம்ம ஆளா, நல்ல ஆளா?

காப்பெல் நகரசபைக்கு 2018-ல் மலையாளியான பிஜு மேத்யூ தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் பக்கத்துப் பெயர்கள் பலகையில் வருவது இனி புதிதல்ல. பெயரைப் பார்த்ததும் மகிழ்ச்சி வருவது இயல்பு. ஆனால் பெயர் மட்டும் போதாது. எந்த நர்ஸையும் ஊர்ப் பெயரைக் கேட்டு வேலைக்கு எடுப்பதில்லை.

வேட்பாளரிடம் நேராகக் கேட்கலாம். நகர பட்ஜெட்டில் எதைக் குறைப்பீர்கள், எதைக் கூட்டுவீர்கள்? முதியோருக்கும் கார் ஓட்டாதவர்களுக்கும் என்ன திட்டம்? போன ஆண்டு எத்தனை நகரசபைக் கூட்டங்களுக்கு வந்து உட்கார்ந்தீர்கள்? உள்ளூர்த் தேர்தலின் அருமை என்னவென்றால், இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலும் வேட்பாளரே பதில் எழுதுவார். காபி குடித்துக்கொண்டே பேசவும் வருவார். அதிபர் வேட்பாளரிடம் அது நடக்குமா? வாட்ஸ்அப்பில் வரும் ஃபார்வர்டை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

சபை யாருக்கும் ஓட்டுக் கேட்காது. வரிவிலக்கு பெற்ற சபைகள் வேட்பாளருக்காகப் பிரசாரம் செய்யக் கூடாது என்பது 1954-ல் எழுதப்பட்ட விதி. அதைக் கொண்டுவந்தவர் நம் டெக்ஸாஸ் செனட்டராக இருந்த லிண்டன் ஜான்சன். வாக்காளர் பதிவுக்கு உதவுவதை, எந்தக் கட்சியும் சாராமல் செய்தால், அந்த விதி தடுப்பதில்லை. சபையில் வேறு வேறு விதமாக ஓட்டுப் போடுகிறவர்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பதும் நல்லதுதான்.

ஓட்டு இல்லாதவர்களுக்கும் மைக் உண்டு

காத்திருக்கும் குடும்பங்களே, உங்களை ஒதுக்கிவிட்டு இதை எழுதவில்லை. நகரசபைக் கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை. நிகழ்ச்சி நிரலில் உள்ள எந்த விஷயத்தைப் பற்றியும் பொதுமக்களைப் பேச அனுமதிக்க வேண்டும் என்று 2019-ல் டெக்ஸாஸ் சட்டம் இயற்றியது. இன்னொரு நல்ல செய்தி: பேசுவதற்கு நேரம் குறிக்கப்பட்டிருந்தால், மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசுகிறவருக்கு அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். தாத்தா தமிழில் பேசலாம். பேத்தி ஆங்கிலத்தில் சொல்லலாம். நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது என்று தினமும் அதில் நடக்கிறவரைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? நிகழ்ச்சி நிரலைக் கூட்டத்துக்கு முன்கூட்டியே வெளியிடுவார்கள், எடுத்துப் பாருங்கள்.

பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் 29-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், இருக்கிற பட்டணத்தின் நன்மையைத் தேடுங்கள் என்பது அதன் சாரம். அந்தப் பட்டணத்தில் அவர்களுக்கு எந்த ஓட்டும் இருக்கவில்லை. நமக்கோ வீட்டுக்கு ஒன்றாவது இருக்கிறது.

ஆகவே தம்பி தங்கைகளே, வரும் ஏப்ரலில் ஓர் இரவு சாப்பாட்டு மேசையில் வேட்பாளர்களின் பெயர்ப் பட்டியலை வையுங்கள். ஓட்டு இல்லாத அப்பாவிடம் கேளுங்கள், அம்மாவிடம் கேளுங்கள், பள்ளிக்குப் போகும் தங்கையிடமும் கேளுங்கள். எல்லாவற்றையும் கேட்டபின் முடிவை நீங்களே எடுங்கள். வாக்குச்சாவடிக்குள் ஃபோனைப் பயன்படுத்தக் கூடாது. எனவே பெயர்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.